கதவுக்கு அடியில் ஒரு ராஜதந்திரம்

எங்கள் மையத்தில் இருப்பது ஒரே ஒரு கெட்டில். அதில் யார் முதலில் தண்ணீர் கொதிக்க வைப்பது என்பதற்கு முகவுரையோடு கூடிய ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. நான் வரைந்ததுதான். சிரிக்க வேண்டாம், அது கையெழுத்தான பிறகு கெட்டிலுக்காக யாரும் முறைத்துக்கொண்டதில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த விசாரணைக் குழுவில் சட்டம் படித்தவர் ஒருவரும் இல்லை. வேதியியல் பேராசிரியை இருக்கிறீர்கள், விடுதிக் காப்பாளர் இருக்கிறீர்கள். எங்கள் பழக்கவழக்கம் உங்களுக்குக் கொஞ்சம் விசித்திரமாகத் தெரியலாம். சர்வதேசச் சட்ட ஆய்வு மையத்தை மாணவர்களாகிய நாங்களேதான் நடத்துகிறோம். அங்கே யாரும் குரலை உயர்த்தக் கூடாது. மனக்குறை இருந்தால் ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு எழுதுவதுபோல வணக்கத்தோடு குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். பதிலும் எழுத்தில்தான் வரும். மின்விசிறியை நிறுத்தச் சொல்லிக் கத்திய முதலாண்டு மாணவி ஒருத்தியிடம் ஒரு வாரம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் மையத்தின் தலைவி. அடிக்குறிப்பு எங்கள் ஆய்விதழின் ஆசிரியன், என் வகுப்புத் தோழன். அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் உங்கள் கோப்பில் இருக்கும். எங்களுக்கு அவன் அடிக்குறிப்புதான். "சாப்பிட்டியா?" என்று கேட்டால் "எந்த வேளைன்னு சொல்லு" என்பான். ஆதாரம் இல்லாத வாக்கியத்தைப் பார்த்தால் அவனுக்குக் கை அரிக்கும். அவன் இல்லையென்றால் எங்கள் இதழ் ஒன்றுகூட வெளியே வந்திருக்காது. மையத்தின் உயிரே அவன்தான், இதை எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கிறேன்.

அப்படிப்பட்டவனைப் போன வாரம் இழக்கவிருந்தோம். வெளிநாட்டு நீதிமன்றம் ஒன்றில் ஓராண்டுப் பயிற்சிக்கு நம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவரை எடுக்க நேர்காணல் வைத்திருந்தார்கள். முதல் பெயர் அவனுடையது. அவன் வந்து வாயைத் திறந்தால் போதும், இடம் அவனுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் வராவிட்டால் மட்டுமே பட்டியலில் இரண்டாவதாக இருப்பவரைக் கூப்பிடுவார்கள். அந்த இரண்டாவது நபர் யார் என்பது இந்த விஷயத்துக்குத் தேவையில்லாதது.

அன்று காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு மையத்துக்கு வந்தான். செல்போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தான். அவனுக்குப் பதற்றம், பாவம்.

"இந்த ஒரு மேற்கோளை மட்டும் பாத்துடேன்" என்றேன்.

"இப்பவா? நேர்காணல் இருக்கு தலைவி."

"ரெண்டு நிமிஷ வேலை. வேணாம்னா விடு, அப்படியே அச்சுக்குப் போகட்டும்."

அப்படியே அச்சுக்கு என்ற வார்த்தையை அவனால் தாங்க முடியாது. பழைய தீர்ப்புத் தொகுதிகளை வைத்திருக்கும் உள்ளறைக்குள் போனான். அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். உள்ளேயிருந்து திறக்க வராது. எப்போதும் ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்து வைப்போம். அன்று நாற்காலி வேறு வேலையாக இருந்தது, அதில் நான் உட்கார்ந்திருந்தேன். கதவை நான் சாத்தவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். திறக்கவில்லை, அவ்வளவுதான்.

"தலைவி, கதவு மாட்டிக்கிச்சு. திற" என்று தட்டினான்.

கோரிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு ஒரு தாளில் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளினேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. விளையாடுகிறேன் என்று நினைத்தான். உடனே வணக்கம், விளிப்பு எல்லாம் வைத்து அழகான கண்டனக் குறிப்பு ஒன்று வந்தது. நான் பதில் எழுதினேன். உள்ளறை மையத்தின் ஆளுகைக்கு உட்பட்டதா என்பதே முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி என்று சொல்லி, ஒரு எல்லைத் தகராறு வழக்கை ஆதாரம் காட்டினேன். வழக்கு உண்மையானது. தீர்ப்பு வந்த ஆண்டை மட்டும் மாற்றிப் போட்டிருந்தேன்.

"அது அந்த வருஷமே இல்ல!" என்றான் உள்ளேயிருந்து. அடுத்து அலமாரி ஏணியை இழுக்கும் சத்தம்.

அவன் கத்தியிருக்கலாம். ஒரு கத்து கத்தியிருந்தால் மாடியில் இருக்கும் நூலகரே இறங்கி வந்திருப்பார். கதவை உடைத்திருக்கலாம், அது ஒன்றும் கோட்டைக் கதவு இல்லை. யாரும் அவன் கையைக் கட்டவில்லை. அவன் என் தவறைத் திருத்த உட்கார்ந்தான். நான் அடுத்த குறிப்பில் இரண்டு தவறு வைத்தேன், அதற்கடுத்ததில் வழக்காடிய இரண்டு நாடுகளின் பெயரையே இடம் மாற்றினேன். அவ்வளவு மும்முரமாக நாங்கள் சேர்ந்து வேலை செய்து ரொம்ப நாளாகியிருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

கொடுமைப்படுத்தினேன் என்று குற்றப்பத்திரிகையில் எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். காவலில் இருப்பவருக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். குடிநீர், ரொட்டி, பழம், மேஜைவிளக்கு எல்லாம் உள்ளே இருந்தன. முந்தின நாள் சாயங்காலமே வாங்கி வைத்துவிட்டேன்.

நடுவில் அவன் செல்போன் அடித்தது. அவனுடைய அம்மா.

"புள்ள உள்ள போயிட்டானாம்மா?"

"போயிட்டான்மா."

"எப்படிப் பேசுறான்?"

"ரொம்ப நல்லாப் பேசுறான்மா. விடவே மாட்டேங்கறான்."

அந்த அம்மா அழுதுவிட்டார்கள். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

பிறகு எனக்கு வெளியே ஒரு வேலை இருந்தது. கிளம்பும் முன் கொஞ்சம் நீளமான குறிப்பாகவே ஒன்றைத் தள்ளிவிட்டுப் போனேன். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது சட்டையெல்லாம் தூசியோடு, கை நிறையத் தாள்களோடு நின்றான். முகம் அப்படி மலர்ந்திருந்தது. "மொத்தத்தையும் உடைச்சுட்டேன் தலைவி, உன் வாதத்துல ஒரு வரி நிக்காது" என்றான். அப்புறம்தான் ஜன்னல் பக்கம் பார்த்தான். மணி என்ன என்று கேட்டான். நான் சொன்னேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் போட்டிருந்த கோட்டையும் பார்த்தான். தாள்களை மேஜையில் விளிம்பு தட்டி அடுக்கி வைத்துவிட்டு வெளியே போனான்.

நான் செய்தது சரிதான் என்றே நினைக்கிறேன். அந்த மையத்தை எங்கள் கையாலேயே வளர்த்தோம். வெளிநாடு, பயிற்சி என்று ஆளாளுக்குப் பாதியில் விட்டுவிட்டுப் போனால் அதை யார் பார்த்துக்கொள்வது? அவனுக்கு அந்தப் பொறுப்பு இருக்க வேண்டாமா? மையத்துக்காகத்தான் செய்தேன், எனக்கென்று எதுவும் இல்லை. அதனால் தண்டனை எதுவானாலும் மாதக் கடைசிக்குள் முடித்துக்கொடுங்கள். முதல் தேதி எனக்கு விமானம்.