மனைவி புலம்பல்

லாங்கன்தால் நிலையத்தில் ரயிலேறிய அக்காவும் தம்பியும் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். தம்பியின் மடியில் ஒரு பெட்டி. அதற்குள் மறுநாள் அந்தியேட்டியில், முப்பத்தோராம் நாள் சடங்கில், கொடுக்கவிருந்த கல்வெட்டுப் புத்தகங்கள்: இறந்தவருக்காக மனைவியும் பிள்ளைகளும் புலம்புவதாகப் பாட்டெழுதி அச்சிடுபவை. அட்டையில் அவர்களுடைய அப்பாவின் படம்.

ஒன்றைப் புரட்டிய அக்கா சத்தமாகவே கேட்டாள்:

"அப்பாவுக்கு அழுகிறதையும் களவெடுத்தே போட்டனீ?"

பிறகு நான் எங்கே ஜன்னலைப் பார்ப்பது!

"என்னக்கா?"

"'ஆறிப்போகும் தேத்தண்ணிக்கு ஆரை நான் கூப்பிடுவேன்.' சோலோதுர்னில இருந்த மாமான்ர கல்வெட்டில மாமி புலம்பினது இது. ஒரு சொல்லும் மாறேல்லை."

"எனக்குப் பாட்டு எழுத வருமோ?"

"அதுக்கு? மாமியின்ர துக்கத்தை எடுத்து அம்மான்ர வாயில வைக்கிறதோ?"

"நீ யூனிவர்சிட்டி ஆய்வில என்ன எழுதுறாய்? பழைய இங்கிலீஷ் கவிதையில ஒருத்தி அழுத வரி, இருநூறு வருசம் கழிச்சு ஒரு நாடகத்தில ராணி அழேக்க வருது எண்டாய். அதுக்கு எதிரொலி எண்டு பேர் வைச்சாய். நான் செய்தா களவோ?"

அக்கா புத்தகத்தை மூடினாள். பேர்ண் வரப்போவதாக அறிவித்தார்கள்.

"அம்மா பாத்திட்டாவோ?"

"ஓம், நேற்று."

"கண்டுபிடிச்சிட்டாவோ?"

"இல்லை. வாசிச்சு அழுதுபோட்டுக் கேட்டவ, 'இதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே, உனக்கு எப்பிடியடா தெரியும்?' எண்டு."