நெற்றியில் வெள்ளி டாலர்

பகல் பன்னிரண்டரை மணி. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சேத்தியாத்தோப்புக்கு வருகிற சாலை. இந்தப் பக்கம் கரும்பு, அந்தப் பக்கம் கரும்பு... நடுவில் ஒரே ஒரு ஸ்கூட்டர்.

என்ன சிரிப்பு? பேய்க் கதை என்று உட்கார வைத்துவிட்டுப் பட்டப்பகலைச் சொல்கிறானே என்றா? ராத்திரி வருவதற்காவது கதவைச் சாத்திக்கொள்ளலாம். உச்சி வெயிலில் வருவதற்கு எந்தக் கதவைச் சாத்துவீர்கள்? கரண்ட் வருகிற வரைக்கும் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அந்த மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், கண் கூசுகிறது.

ஸ்கூட்டரில் வந்தவர் அறிவழகன். நம் இளவரசு இருக்கிறானே, அவனுடைய அக்காள் கணவர். முதுநகரில் ஜெராக்ஸ் கடை. பழைய நாணயம், வெளிநாட்டுப் பணம் என்றால் மனிதருக்குப் பைத்தியம். மலாயா நோட்டு, குவைத் தினார், லிங்கன் தலை போட்ட அமெரிக்கச் செப்புக் காசு... பீரோ முழுக்க ஆல்பம்தான். அவர் மனைவி கலைமணியின் புடவைகள் அட்டைப்பெட்டியில் கிடந்தன. அவள் அதற்காக ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பிள்ளை இல்லாத வீடு. அவருக்கு அவள், அவளுக்கு அவர்... அவ்வளவுதான் அவர்கள் உலகம்.

அன்றைக்கு அவர் சட்டைப் பையில் ஓர் அமெரிக்க வெள்ளி டாலர் இருந்தது. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துக் காசு. பின்பக்கம் கழுகு, அதற்குக் கீழே பொடி எழுத்தில், அச்சடித்த ஊரைக் குறிக்கிற ஓர் S. காசு சேர்க்கிறவர்கள் ஆயுசுக்கும் படத்தில் மட்டும் பார்த்துப் பெருமூச்சு விடுகிற காசு அது.

அது அவருக்கு எப்படி வந்தது? அங்கேதான் இருக்கிறது வினை.

ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில் சுப்பராயலு என்று ஒருவர். கப்பல் வேலை பார்த்து ஓய்ந்தவர். காசு அவருடையது. ஒன்பது வருஷம் அறிவழகன் நடையாய் நடந்தார். சுப்பராயலு காட்டுவார், தர மாட்டார். அவர் இறந்துவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததும் மாலையோடு ஓடினார். போய்ப் பார்த்தால்... பிணத்தின் நெற்றியில் அந்த டாலர். நாம் ஒரு ரூபாய் வைப்போமே, அந்த இடத்தில், சந்தனம் குழைத்து ஒட்டியிருந்தது.

"இத்ததான் வைக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு" என்று அழுதாள் சுப்பராயலுவின் மனைவி ஞானாம்பாள்.

நெற்றிக் காசு கடைசியில் சுடுகாட்டில் வேலை பார்க்கிறவருக்குப் போகும். அதுதான் வழக்கம். அதை நினைக்க நினைக்க அறிவழகனுக்கு வயிறு எரிந்தது. மாலை போடக் குனிந்தார். சம்பங்கி மாலை, பெரிசு, முகத்தையே மறைத்தது. அவர் நிமிர்ந்தபோது பிணத்தின் நெற்றியில் ஒரு ரூபாய் இருந்தது.

விற்றுச் சம்பாதிக்க இல்லை. வெறும் ஆசை. ஆசை வெட்கம் அறியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

பிணம் எடுப்பதற்குள் கிளம்பிவிட்டார். கரும்புக்கு நடுவே வரும்போதுதான்... ணங்...

வெள்ளிக் காசை விரல் நுனியில் நிறுத்தித் தட்டினால் வருகிற ஓசை. அசலா போலியா என்று பார்க்க அப்படித்தான் தட்டுவார்கள். ஆனால் இப்போது தட்டியது யார்? வண்டியை நிறுத்தினார். காற்று இல்லை. கரும்புத் தோகை ஒன்றுகூட அசையவில்லை. ணங்... பைக்குள்ளிருந்துதான். அந்த வெயிலிலும் நெஞ்சில் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. எங்கிருந்தோ சம்பங்கி வாசனை வந்தது.

நேரே சிதம்பரம். அங்கே குலாம் முகம்மது பாய், பழங்காசு வியாபாரி. தராசில் வைத்தார், லென்சில் பார்த்தார்.

"அசல்தான் அறிவு. சந்தேகமே இல்ல." சொல்லிவிட்டுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "ஆனா மய்யித்து வாடை, பொண வாடை அடிக்குதே இதுல. எங்கேந்து எடுத்த?"

அறிவழகன் காசை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எடுத்த எடத்துலயே வச்சுடுப்பா. இது என் கடையில இருக்க வேணாம்."

பெரியவர் சொல்கிறாரே என்று அப்போதே திரும்பியிருக்கலாம். பிணம் எடுத்தே இருக்க மாட்டார்கள். இவர் காசை ஆல்பத்தில் வைக்க வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை கலைமணி கண்ணாடி முன்னால் நின்றாள். "ஏங்க, இந்த ஸ்டிக்கர் பொட்டு ஒட்டவே மாட்டேங்குதுங்க."

வேறு அட்டை வாங்கினார்கள். அதுவும் விழுந்தது. குங்குமம் வைத்தாள், பொடியாக உதிர்ந்தது. சாந்து வழிந்தது. ஐந்து நாள் இதே கதை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் நடுவில் சில்லென்று ஒரு வட்டம். இரண்டு விரல் அகலம்.

அவளுக்குத் தன்னைப் பற்றிக் கவலையே இல்லை. "பொட்டு நிக்கலன்னா உங்களுக்குத்தாங்க ஆவாது. வண்டிய தொடாதீங்க" என்று ஸ்கூட்டர் சாவியை ஒளித்து வைத்தாள். பாடலீஸ்வரருக்கு வேண்டிக்கொண்டாள். அவள் அவருக்காகப் பயப்படப் பயப்பட, மனிதர் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தார்.

ஆறாம் நாள் அவள் படுத்துவிட்டாள். காய்ச்சல் இல்லை. உடம்பு குளிர்ந்துகொண்டே வந்தது. ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்டும் சரியாக இருக்கிறது என்றார்கள். அன்றைக்குத்தான் இளவரசுவிடம் எல்லாவற்றையும் கொட்டி அழுதார்.

அடுத்த நாள் விடியும்போதே இரண்டு பேரும் இளவரசுவின் பைக்கில் கிளம்பினார்கள். பக்கத்து வீட்டம்மா கலைமணியோடு இருந்தார். சுப்பராயலுவை எரித்த சுடுகாட்டில், அங்கே பிணம் எரிக்கிற காத்தவராயன் விறகு இறக்கிக்கொண்டிருந்தார். அறிவழகன் டாலரை நீட்டினார்.

"இது ஒங்களுக்குச் சேர வேண்டியது. நான்தான் மாத்திட்டேன். வாங்கிக்குங்க."

காத்தவராயன் காசைப் பார்த்தார். கை நீட்டவில்லை.

"அன்னிக்கு ராத்திரி பூரா அவர எரிச்சேன் சார். எல்லாம் சாம்பலாச்சு... நெத்தி மட்டும் வேவல."

"தப்புதாங்க. ஒங்க காலுல வேணா வுழறேன்..."

"என் பங்கு ஒத்த ரூவா. அது அன்னிக்கே வந்துடுச்சு. ஒரு பொணத்துக்கு ஒரு காசுதான் சார். ரெண்டாவது காச வாங்குனேன்னா, ரெண்டாவது பொணத்துக்கு நான் வெறகு அடுக்கணும். எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

திரும்பும் வழியில், வெள்ளாற்றுப் பாலத்தில் அறிவழகன் வண்டியை நிறுத்தச் சொன்னார். தண்ணீரில் வீசக் கையை ஓங்கினார். விரல் விரியவில்லை. மறுபடி ஓங்கினார். விரியவில்லை. அது காசின் வேலையா, இல்லை இவருடைய பாழாய்ப்போன ஆசையா... இன்றைக்கு வரைக்கும் அவருக்கே தெரியாது.

செம்மங்குப்பம் தாண்டும்போது பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார். "மச்சான்... அந்த ரெண்டாவது ஆளு நானா இருந்துட்டா, அவ பொழச்சுக்குவா இல்ல?"

"சும்மா வாங்க மாமா" என்றான் இளவரசு. வண்டியை இன்னும் முறுக்கினான்.

வீடு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. கலைமணி உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டம்மா கிளம்பினார். இளவரசு டீ வாங்கத் தெருமுனைக்குப் போனான்.

அறிவழகன் சந்தனம் குழைத்தார். கூடத்தில் மல்லாந்து படுத்தார். டாலரைத் தன் நெற்றியில் வைத்து அழுத்தினார். வழுக்கித் தரையில் விழுந்தது. ணங்...

மறுபடி வைத்தார். ணங்...

"என்ன எடுத்துக்க. அவள வுட்டுடு..." கெஞ்சிக்கொண்டே மூன்றாவது தடவை வைத்தார். ணங்...

நான்காவது தடவை ஓசை வரவில்லை. காத்திருந்தார். தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. ஒட்டிக்கொண்டது என்று கண்ணை மூடினாராம். சந்தோஷமாக இருந்ததாம். சாகப்போகிறவனுக்கு என்ன சந்தோஷம் என்று கேட்காதீர்கள், உங்களுக்கும் ஒருத்தி இருந்தால் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து நெற்றியைத் தடவிப் பார்த்தார்.

சந்தனம் மட்டும்தான் இருந்தது.

எழுந்து உள்ளே ஓடினார். கலைமணி மல்லாந்து படுத்திருந்தாள். நெற்றி நடுவில் டாலர். நகத்தால் நெம்பினார், வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார், தோல்தான் கூட வந்தது. மூக்கருகே விரல் வைத்தார். மூச்சு இல்லை. அப்படியே கட்டில் காலில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இளவரசு டீ பிளாஸ்க்கோடு அறை வாசலுக்கு வந்து நின்றான். அதனால் அவனும் கேட்டான். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

மாமாவின் முதுகுக்குப் பின்னால்... கட்டிலிலிருந்து... ஆசையாக, நிம்மதியாக...

"ஏங்க... பொட்டு ஒட்டிக்கிச்சுங்க. இனிமே உங்களுக்கு ஒண்ணும் ஆவாது."