முழங்கை டாக்டர்

டாக்டரம்மாவின் நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டாக்டரம்மாவின் கணவரே, மகளே, டாக்டரம்மாவிடம் ஒருமுறையாவது முழங்கையைக் கொடுத்திருக்கும் அன்பர்களே! வணக்கம்.

அழ வேண்டியதை வீட்டிலேயே அழுதுவிட்டு வந்திருக்கிறேன். இங்கே பெருமைப்படப் போகிறேன்.

தொழுநோய்ப் பிரிவின் தலைவர் என்பது அரசு தந்த பதவி. ஊர் தந்த பட்டம் எது? முழங்கை டாக்டர்! வலக்கையால் கைகுலுக்குவார், இடக்கை நம் முழங்கைக்குப் பின்னால் போகும். அங்கே ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரல் தேடும். காசநோய்க் கிருமியின் பங்காளிதான் தொழுநோய்க் கிருமி. காசநோய் இருமலில் காட்டிக்கொடுத்துவிடும். இதுவோ வருடக்கணக்கில் வாயே திறக்காமல் நரம்பைக் கெடுக்கும். சுட்டாலும் தெரியாது, கிழித்தாலும் தெரியாது. கடைசியில் விரல் மடங்கிவிடும். மடங்கும் முன்னே பிடிக்க வேண்டாமா?

யாரை விட்டார் அவர்? தணிக்கைக்கு வந்த அதிகாரியை விட்டாரா? தபால்காரரை விட்டாரா? அவர் கணவர், நம் ஐயாவே என்னிடம் சொல்லியிருக்கிறார்: "முதல் தடவை பேசினப்பவே என் முழங்கையைப் பிடிச்சா. ஆசையில பிடிச்சான்னு நெனச்சேன். நரம்பு பாத்திருக்காப்பா!"

நான் இங்கே இயன்முறை சிகிச்சையாளர் வேலைக்கு நேர்காணலுக்கு வந்த அன்றும் கைகுலுக்கினார். கையை விடவே இல்லை.

"சுண்டுவிரல் மரத்துப்போகுதா?"

"மேசையில கைய ஊனிப் படிக்கிற பழக்கம், டாக்டர்."

"சட்டைக் கையை மேல ஏத்துங்க. கண்ணை மூடிக்குங்க."

மேல்கையில் ஒரு வெளிறிய தேமல். பேனா முனையால் அதைத் தொட்டாராம், எனக்குத் தெரியவில்லை. தேர்வுக் குழுவில் ஒருவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். வேலை போச்சு, கையும் போச்சு என்று நினைத்தேன். டாக்டரம்மாவோ தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"மாத்திரை இன்னைக்கே ஆரம்பிங்க. மருந்து உள்ள போயிட்டா யாருக்கும் ஒட்டாது. வேலைக்கு நாளைக்கு வந்துடுங்க. கைக்குப் பயிற்சி குடுக்கிறவருக்குக் கையோட அருமை தெரிஞ்சிருக்கணும்ல?"

இதோ, அந்தக் கை! சுண்டுவிரல் இன்னும் கொஞ்சம் மந்தம்தான். ஆனால் மடங்கவில்லை, பாருங்கள்! எத்தனையோ பேரின் விரல்களை நிமிர்த்த உதவிய கை இது. இதை எனக்கு மிச்சம் வைத்தவர் அவர்.

டாக்டரம்மா, உங்கள் வழக்கத்தை விடமாட்டோம். கூட்டம் முடிந்ததும் எங்கள் பிரிவினர் அத்தனை பேரும் வாசலில் நிற்போம். எல்லோரோடும் கைகுலுக்குவோம். கூச்சப்படாமல் முழங்கையைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஐயா, முதலில் நீங்கள் வாருங்கள். இனி உங்கள் நரம்பைப் பார்க்கும் வேலை எங்களுடையது.