டாக்டரம்மாவின் பிஸ்கட் டப்பா

மார்ச் ஒன்பதாம் தேதி காலை, பெண்கள் விடுதியின் இரண்டாம் மாடியில் தண்ணீர் வரவில்லை. வார்டன் என்ற முறையில் நான் பிளம்பரிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

அதற்கு முன் என் வைத்தியத்தைச் சொல்லிவிடுகிறேன், சார். எங்கள் பெண்கள் துணிக்கடைகளில் நின்றே வேலை பார்ப்பவர்கள். கழிப்பறைக்குப் போனால் சூப்பர்வைசர் முறைப்பான் என்று தண்ணீரே குடிக்க மாட்டார்கள். பிறகு நீர்க்கடுப்பு. டாக்டர் எழுதித்தரும் மாத்திரையை எரிச்சல் அடங்கியதும் நிறுத்திவிடுவார்கள். மிச்சத்தை நான் பிஸ்கட் டப்பாவில் சேர்த்து அடுத்தவளுக்குக் கொடுப்பேன். பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாது, நிறம் பார்த்துத்தான். பெரும்பாலும் கேட்டது. 'டாக்டரம்மா' என்றார்கள். சமையற்காரிகூட மதிக்காத எனக்கு அந்தப் பட்டம் ருசித்தது.

கடைசி அறைப் பெண் நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் தாங்குவாள், 'ஒட்டகம்' என்று பட்டப்பெயர். என் மாத்திரையைத் தின்றும் கேட்காததால், எனக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரியில் சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறாள். தன் போன் உடைந்திருந்ததால் விடுதி எண்ணைக் கொடுத்திருந்தாள். அவள் அப்படிப் போனது எனக்கு வலித்தது. அவளுக்கும் வலித்திருக்கும், வேறு இடத்தில்.

"அரைகுறையா சாப்பிட்ட மாத்திரைம்மா. இந்தக் கிருமிய இனி அது ஒண்ணும் பண்ணாது. ஊசிதான் போடணும், இன்னைக்கே அனுப்புங்க" என்றார் டாக்டர்.

சரி என்றேன். மாடியேறினேன். அவள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். அறைவாசலில் இரண்டு பெண்கள்.

"அக்கா, ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சா?" என்றாள் போர்வையை விலக்கி.

"வந்துச்சு. நம்ம மாத்திரையையே தொடரச் சொன்னாங்க."

"நிஜமாவா?"

"பின்ன? டாக்டருக்கும் டாக்டரம்மாவுக்கும் சண்டையா வரும்?"

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், விலாவைப் பிடித்துக்கொண்டு. அந்த இருவர் எதிரில் வேறு மாதிரிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். கஞ்சத்தனம் பண்ணவில்லை; வழக்கத்தைவிட ஒன்று கூடுதலாகவே கொடுத்தேன்.

மறுநாள் டாக்டர் மறுபடி கூப்பிட்டார். அவள் ஊருக்குப் போய்விட்டாள் என்றேன். அவள் என் தலைக்கு மேல் இரண்டு மாடி தள்ளிப் படுத்திருந்தாள்.

கிருமி இரத்தத்தில் கலந்தது. பதின்மூன்றாம் தேதி இறந்துபோனாள்.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். ஒருத்தியோடு நிற்கும் நான் இன்னும் மாணவிதான்.

அன்று மாலை, முதலாம் அறைப் பெண் நீர்க்கடுப்பு என்று வந்து நின்றாள். கொடுத்தேன். அவளுக்குக் கேட்டது.