அமானி எழும்புவதற்கான விலை

பொலிஸ் நிலையத்துத் தேத்தண்ணீர் மோசமாக இருக்கும் என்பார்கள். நீங்கள் தந்தது நன்றாகவே இருக்கிறது. சீனி மட்டும் சற்றுக் கூடிவிட்டது. என் வீட்டில் சீனி குறைத்து, இஞ்சி தட்டிப் போடுவோம். தில்லையடியில் முத்தலிபு சேர் வீடு என்றால் யாரும் காட்டுவார்கள். வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பின் அங்கே மூவர் வருவார்கள்: கற்பிட்டியில் உல்லாசப் பயணிகளுக்குப் படகு ஓட்டும் லோறன்ஸ், மருந்துக்கடையில் வேலை செய்யும் ஷம்லா, மதுரங்குளியில் கைபேசி திருத்தும் நஜாத். மூவரும் வளர்ந்தவர்கள். ஒருவரையும் நான் வற்புறுத்தி அழைத்ததில்லை.

விளையாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். வெள்ளைக்காரர் ஒருவர் விடுதியில் விட்டுச்சென்ற புத்தகத்தை லோறன்ஸ் கொண்டுவந்தார், நான் தமிழாக்கினேன். ஆட்டத்தலைவன் ஒரு கற்பனை நாட்டை விவரிப்பான். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் அந்நாட்டில் ஒரு வீரரைப் படைத்து, அவராகவே பேசி, அவருக்காகப் பகடை உருட்டுவார். ஆட்டத்தலைவன் நான். ஓய்வுபெறும்வரை புவியியல் கற்பித்தவன் ஆதலால், நாட்டின் படத்தை நமது களப்பைப் பார்த்தே வரைந்தேன். அதே கடலேரிக் கரை, நீருக்கு நடுவே அதே திட்டுகள். பெயர்கள் மட்டும் வேறு.

எனக்கென ஓர் ஒழுக்கத்தை வகுத்துக்கொண்டேன். கேட்கப்பட்ட வினாவுக்குப் பொய் சொல்லலாகாது. கேட்கப்படாத வினாவுக்கு விடை சொல்லவும் ஆகாது. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேளாமல் திறப்பவர், அங்கே இருப்பதைச் சந்திக்கத்தான் வேண்டும்.

வீரர்கள் இறப்பார்கள். தொடக்கத்தில் நான் இளகிய மனத்தினனாக இருந்துவிட்டேன். லோறன்ஸின் வாள்வீரர் இறந்தபோது ஒரு மந்திரவாதியை வரவழைத்து எழுப்பினேன். ஷம்லாவின் வைத்தியச்சி இறந்தபோதும் அவ்வாறே செய்தேன். அதன்பின் எவரும் எதற்கும் அஞ்சவில்லை. நான் அரக்கனின் வருகையை விவரித்துக்கொண்டிருக்கையில் ஷம்லா வடை தின்றுகொண்டிருந்தார்.

“சேர்ட நாட்டுல மவுத்தாகுறது லேசு,” என்றார். “இந்தக் கோப்பை முடியக்குள்ள எழும்பிரலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆயினும் அச்சொல் எனக்குள் தங்கிவிட்டது. சாவுக்கு விலை இல்லாத நாட்டில் உயிருக்கும் விலை இல்லை. இனி இறப்பவர் விலை கொடுத்தே எழுவார் என்று அன்று தீர்மானித்தேன். அது நஜாத்தின் அமானியாக அமைந்தது பகடையின் செயல்.

அமானி ஒரு வில்லாளி. நஜாத்தின் தங்கையின் பெயரும் அதுவே. டெங்குக் காய்ச்சலில் இறந்துபோன பெண். தங்கையின் பகிடியையும் பிடிவாதத்தையும் அவர் வில்லாளிக்குக் கொடுத்திருந்தார். அவளாக அவர் பேசத் தொடங்கினால் ஷம்லாகூட வடையைக் கீழே வைத்துவிடுவார். அந்த அமானி, படத்திலிருந்த ஒரு திட்டில் பாம்பு தீண்டி இறந்தாள். மற்றவர்கள் போன பின்பும் நஜாத் கதிரையை விட்டு எழவில்லை.

“இன்னொருக்கா அவள அடக்க என்னால ஏலா சேர்,” என்றார். “எழுப்பித் தாங்க. என்ன கேட்டாலும் செய்றன்.”

என்ன கேட்டாலும் என்பது அவர் வாயிலிருந்தே வந்தது. அதை மறவாமல் பதிந்துகொள்ளுங்கள்.

விலையைச் சொன்னேன். அமானி இறந்த திட்டு, நமது களப்பிலுள்ள கொக்குத்திட்டு. அவ்விடத்துக்கு நடந்தே சென்று ஒரு கைப்பிடி மண் கொண்டுவர வேண்டும். படகு கூடாது. துணை கூடாது. மற்ற இருவரிடமும் சொல்லக் கூடாது. துணையிருந்தால் விலை குறைந்துவிடும் என்று விளக்கினேன். அவர் தலையசைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆட்டம் இல்லை என்று மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டேன். அஸருக்குப் பின் நானும் நஜாத்தும் கரையில் நின்றோம். கச்சான் காற்று வீசிற்று. தண்ணீர் கலங்கி, அடி தெரியவில்லை. நஜாத் சாரத்தை மடித்துக் கட்டியபடி ஆழத்தைக் கேட்டார்.

“இடுப்பளவு,” என்றேன். “மீன்காரர் நடந்துதான் போவார்கள்.”

அது உண்மை. மீன்காரர் நடந்துதான் போவார்கள். ஆனால் சென்ற ஆண்டு யாரோ மணல் அள்ளியதில் வழியின் நடுவே ஆள் மூழ்கும் ஆழத்தில் ஒரு கிடங்கு விழுந்துவிட்டது. அதை அவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். லோறன்ஸ் அதை அறிவார். ஆகையினாலேயே அவரிடம் சொல்ல வேண்டாம் என்றேன். மதுரங்குளியில் வளர்ந்தவருக்கு அது தெரிய வழியில்லை. அவருக்கு நீந்தவும் தெரியாது. முன்னொரு நாள் அவரே சொல்லியிருந்தார். எல்லா இடமும் ஒரே ஆழமா என்று கேட்டிருந்தால் கிடங்கைக் காட்டியிருப்பேன். அவர் கேட்கவில்லை.

நடுவழியில் நின்று திரும்பினார். “நேராவா சேர்?”

திட்டு நேராகத்தான் இருந்தது. “ஓம்,” என்றேன்.

கிடங்கின் விளிம்பில் மீன்காரர் அடையாளத்துக்கு ஒரு கம்பு நட்டிருந்ததாகச் சொல்கிறார்கள். அதுவும் உண்மை. அக்கம்பை அதற்கு முதல்நாள் காலையில் நானே போய்ப் பிடுங்கினேன். படம் வரைபவன், ஆட்டக்காரர் காணக் கூடாததை மறைத்துத்தான் வைப்பான்.

கைகள் மட்டும் மேலே தெரிந்தன. அவர் என்னைக் கூப்பிடவில்லை, உம்மாவைக் கூப்பிட்டார். எனக்கருகே கரையில் ஒரு தோணி கட்டியிருந்தது. படகு கூடாது என்பது நிபந்தனை. ஆட்டத்தலைவன் தன் நிபந்தனையைத் தானே மீறினால், முன்பு நேர்ந்ததுபோல் எல்லாம் மறுபடியும் பகிடியாகிவிடும். தண்ணீர் அடங்கும்வரை நின்றேன். பிறகு வீட்டுக்கு வந்து மஃரிப் தொழுதேன்.

நான் கொன்றேன் என்று எழுதுங்கள்; கையொப்பமிடுகிறேன். ஏமாற்றினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். நஜாத் கொடுத்த விலையில் ஒரு குறையும் இல்லை. ஆகவே அமானி எழுந்துவிட்டாள். அதை லோறன்ஸுக்கும் ஷம்லாவுக்கும் தயவுசெய்து அறிவித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை அவர்கள் வரும்போது, நஜாத்தின் கதிரையில் அமர்ந்து அவளுக்காக யார் பேசுவது என்பது ஒன்றுதான் இன்னும் முடிவாகவில்லை.