நாலு பேருக்கு ஒரு வெரல்

என்னாண்ணே, கேட்ட தொறக்க மாட்டேன்னா என்னா அர்த்தம்? ஆபீஸ் கார்ட வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன்னு தானே சொல்றேன். நீங்க புதுசா? அப்ப சரி, ஒங்க மேல தப்பில்ல. ரூபினின்னு புக்குல பாருங்க. மாடியில கம்ப்யூட்டர் ரூம்.

ஆமா, தீபாவளி லீவு தான். தெரியாதா எனக்கு? தலையில எண்ணெ வழியுது பாருங்க. முழுகக்கூட இல்ல, பாப்பாவ இடுப்புல தூக்கிக்கிட்டு காருல ஏறிட்டேன். மணி எட்டு நாப்பது. ஒம்பதுக்கு மெசேஜ் தானா போயிடும்.

என்னா மெசேஜா? வெள்ள மெசேஜ்ணே. மேல விடாத மழை, ஆறு ரொம்பி வருது, பன்னெண்டு மணிக்குக் கடல் ஏத்தம் வேற. எந்த வீட்டுக்குத் தண்ணி வரும்னு எங்க மெஷினு கணக்குப் போட்டு, அவங்க போனுக்கு மட்டும் கெளம்புங்கன்னு அனுப்பும். மெசேஜ் வரலன்னா பயமில்ல, பேசாம இருங்கன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கோம்.

அந்த லிஸ்ட்டு தப்புண்ணே. அதோட காப்பி என் போனுக்கு வந்துச்சு. ஆத்தோரத்து வீடு ஒண்ணுகூட அதுல இல்ல!

எப்படின்னா... மெஷினு ஒண்ணு இல்ல, நாலு. நாலும் ஒரே நேரத்துல ஒரே பைல்ல எழுதும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாயிண்டர் இருக்கும், இந்த வரியில எழுதுன்னு வெரல் வெச்சுக் காட்டற மாதிரி. எங்க எஸ்டேட் ஸ்கூல்ல நாலு பேருக்கு ஒரு புஸ்தகம் தான். ஒருத்தி வெரல நகத்திட்டான்னா மத்த மூணு பேரும் எடம் தெரியாம முழிப்போம். அதே கூத்து தான் இங்கயும். தனித்தனி வெரல் வெக்க வேண்டிய எடத்துல யாரோ நாலுக்கும் பொதுவா ஒண்ணு வெச்சுட்டாங்க. ஒண்ணு நகத்தினா நாலுக்கும் நகந்துடும். டவுன் வீடுங்கள எழுதற மெஷினு, ஆத்தோர வீடுங்க மேலயே எழுதிட்டுப் போயிடுச்சு.

டெஸ்டா? பண்ணாங்க தான். ஒரே மெஷின்ல ஓட்டிப் பாத்தாங்க. ஒரே ஆளு வாசிச்சா வெரல் எங்க மாறும்?

வெளியிலேர்ந்து தொட முடியாதுண்ணே, உள்ள போனா தான் நடக்கும். ஒரு வரி மாத்தணும், திரும்ப ஓட்ட அஞ்சு நிமிஷம். எங்க மேனேஜர் சிவநேசன் சாருக்கு ஏழு தடவ போன் அடிச்சுட்டேன், கோயில்ல போன ஆஃப் பண்ணி வெச்சிருக்காரு போல.

ஒங்க சூப்பர்வைசரக் கேக்கணுமா? கேளுங்க, கேளுங்க... எடுக்கல தானே?

அழாத குட்டி, அங்கிள் தொறப்பாரு.

ஒங்களுக்கு எங்கண்ணே வீடு, டவுன்லயா?

கம்போங் குவாந்தானா... ஆத்துல படகு நிக்கற ஜெட்டிக்குப் பக்கமா, தள்ளியா?

ஓ. பக்கமா.

வீட்டுல யாரு இருக்கா? அண்ணியும் ரெண்டு பிள்ளைங்களுமா? முறுக்கு சுட்டுக்கிட்டு இருப்பாங்க, என்னா.

அண்ணே, அந்த வெரல வெச்சது யாரோ இல்ல. நான் தான். போன வாரம் பாப்பாவுக்குக் காய்ச்சல். சீக்கிரம் வீட்டுக்கு ஓடணும்னு ஒரே மெஷின்ல பாத்துட்டு முடிச்சுட்டேன். அத அப்பறம் யாருகிட்ட வேணும்னாலும் சொல்லுங்க, நானே கையெழுத்துப் போட்டுத் தரேன். ஒங்க வீட்டுக்கு மெசேஜ் வராதுண்ணே.

சாவிய எங்கிட்ட குடுங்க, நானே தொறந்துக்கறேன். நீங்க மொதல்ல அண்ணிக்கு போன் போடுங்க. அடுப்ப அணைச்சுட்டு, பிள்ளைங்களத் தூக்கிக்கிட்டு மேட்டுக்குப் போகச் சொல்லுங்கண்ணே.