லூப் வைத்துக்கொண்ட பதினொரு பேர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்திரிகை வாசிப்பது என் பழக்கம். எனக்காக மட்டும் அல்ல. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக இருபத்துநான்கு காம்பராக்கள், காம்பராவுக்கு ஒரு குடும்பம். தலைப்பையாவது எழுத்துக்கூட்டிப் படிக்கக் கூடியவர்கள் ஐந்தாறு பேர்தான். அதனால் தேத்தண்ணி குடித்ததும் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசிப்பேன். புரியாததை விளக்குவேன். தோட்டத்துச் சங்கத் தலைவராக என்னைத் தெரிவு செய்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா, போன ஞாயிறு நடந்ததைப் பற்றித்தான் கேட்டீர்கள். ஆனால் அதை அங்கிருந்து தொடங்கினால் என்னை முரடன் என்று நினைத்துவிடுவீர்கள். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். நான் குடிப்பதில்லை. கூட்டத்தில் குரலை உயர்த்தியதும் இல்லை.

என் மனைவி நாகலெட்சுமி ஆறு பிள்ளை பெற்றாள். மூன்று பிழைத்தன. ஆறாவது பேற்றுக்குப் பிறகு அவளுடைய இடது கால் வீங்கி, நரம்பில் இரத்தம் கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரி டாக்டர் இனிப் பிள்ளை கூடாது என்றார். பட்டணத்தில் புதிதாக ஒரு மாத்திரை வந்திருக்கிறது, ஆனால் இந்தக் காலோடு அதை முழுங்கினால் ஆபத்து என்றும் சொல்லியனுப்பினார்.

அவள் தோட்டத்து மருத்துவிச்சி மார்கிரட்டிடம் போனாள். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பேச்சு காதில் விழுந்தது.

"மாத்திர மருந்து இல்லாம வேற ஏதும் இருக்குங்களாம்மா?"

"இருக்கு. ரப்பர் உறை இருக்கு. அது ஒம்புருசன் போடணும்."

"அவரா? சங்கத்துல தீர்மானம் போட்டாத்தான் அவரு சட்டையவே போடுவாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. டிஸ்பென்சரி வரிசையில் நின்று உறை வாங்கும் ஒருவன் மறுநாள் துரையிடம் சம்பள உயர்வு கேட்க முடியாது. அவ்வளவுதான் என் நிலை.

அதனால் மார்கிரட் அவளுக்கு நாள் பார்க்கக் கற்றுக்கொடுத்தாள். நாட்காட்டி பார்க்கத் தெரியாத பெண்களுக்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். கொழுந்து பறிப்பவர்கள் ஏழு நாளுக்கொரு முறை அதே மலைக்குத் திரும்பி வருவார்கள். தீட்டு வந்த அன்று எந்த மலையில் நிற்கிறாளோ அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மலைக்கு முதல் தடவை திரும்பும் நாளிலிருந்து மூன்றாம் தடவை திரும்பும் நாள் வரை புருஷன் பக்கம் போகக்கூடாது. என் மனைவி இதைச் சரியாகக் கடைப்பிடித்தாள். "இன்னும் ஏழாம் நம்பர் மல வரலைங்க" என்பாள். நானும் திரும்பிப் படுத்துக்கொள்வேன். ஒன்றரை வருஷம் இப்படிப் போனது.

அறுபத்துமூன்று கடைசியில் ஒன்பது நாள் வேலைநிறுத்தம். நான்தான் நடத்தினேன், வெற்றிதான். வேலைக்குத் திரும்பியதும் கொழுந்து முற்றிப்போன மலைகளுக்கு முதலில் போகச் சொன்னார்கள். சுற்று கலைந்துவிட்டது. அவளுக்கு நாள் பிடிபடவில்லை.

"எனக்குக் கொழம்புதுங்க. கெடு தாண்டிருச்சா இல்லையா?"

சுவரில் நாட்காட்டி இருந்தது. அவளுக்கு அன்று பதின்மூன்றாம் நாள், கெடு முடிய இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது.

"தாண்டிருச்சு" என்றேன்.

அந்த ஏழாவது பிள்ளை ஆண். மூன்று நாள் இருந்தது. அவளுக்கு நான்கு போத்தல் இரத்தம் ஏற்றினார்கள். நான் சொன்னது பொய் என்று அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என்னிடம் நாள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அறுபத்துநான்கு ஐப்பசியில்தான் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டு பேரும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். நான் அதை லயத்து வாசலில் மூன்று தடவை வாசித்தேன். ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே, மிச்சத்தைப் பிறகு பேசுவார்கள். நாற்பத்தெட்டில் சட்டம் போட்டு எங்களை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். இப்போது தலைக்கணக்கில் பங்கு பிரிக்கிறார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் தோட்டத்துக்கு வெள்ளை வேன் ஒன்று வருகிறது, எங்கள் பெண்களுக்குப் பிள்ளை பிறக்காமல் இருக்க கர்ப்பப்பையில் லூப் என்ற வளையத்தை இலவசமாக வைக்கிறது என்றால், அறிவுள்ளவன் என்ன முடிவுக்கு வருவான்? இதை நான் கூட்டத்தில் கேட்டேன்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து செல்லசாமி கத்தினான்.

"தலைவரே, ஊருக்கெல்லாம் சொல்றீங்க. ஒங்க வீட்டுலயே கதவப் பூட்டிட்டாங்களாமே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விசாரித்ததில் விஷயம் தெளிவானது. மார்கிரட் பதினொரு பெண்களை வேனுக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். முதலில் ஏறியவள் என் மனைவி. மூன்று மாதமாகியும் என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

ஞாயிறு காலை பத்திரிகை வாசித்து முடித்ததும் பிள்ளைகளைப் பீலிக்குத் தண்ணீர் பிடிக்க அனுப்பினேன். கதவைச் சாத்தினேன். அவளிடம் அமைதியாகத்தான் பேசினேன். அதை எடுத்துவிடு என்றேன்.

"மாட்டேங்க" என்றாள். "எடுத்தா நான் செத்துருவேன். ஒங்களுக்குத் தலைக்கணக்கு. எனக்கு இருக்கிறது ஒரு உசிருங்க."

பதினாறு வருஷத்தில் அவள் எனக்கு மறுப்புச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் மலைக்குப் போகும்போது தலையில் போடும் கொங்காணித் துணியை வாயில் அடைத்தேன். முழங்காலால் வயிற்றை அழுத்திக்கொண்டேன். அந்த வளையத்துக்கு ஒரு நூல் உண்டு. மார்கிரட் பெண்களுக்கு விளக்கியதைச் செல்லசாமியின் மனைவி சொல்லியிருந்தாள். நூல் விரலில் வழுக்கியது. ஃபெக்டரியிலிருந்து கொண்டுவந்த குறடு அலமாரியில் இருந்தது. அதை எடுத்தேன். அவள் துள்ளாமல் இருந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. மூன்றாவது தடவை வளையம் வந்தது. வந்தது அது மட்டும் அல்ல.

விரித்திருந்த சாக்கு நனைந்து, இரத்தம் தரையில் அடுப்பு வரை ஓடியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறி கேட்டு ஆள் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் காரணம் கேட்டிருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். கடைசியில் அவள் கண்ணைத் திறந்து, கதவைத்தான் பார்த்தாள், என்னை அல்ல.

பக்கத்துக் காம்பரா பேச்சியம்மாவுக்கு ஏதோ சந்தேகம் வந்து, ஓடிப்போய் மார்கிரட்டைக் கூட்டிவந்துவிட்டாள். அதற்குள் வாசலில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். "வளையம் குத்தி உள்ளே கிழித்துவிட்டது" என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன். நான் சொன்னால் நம்புவார்கள். மார்கிரட் உள்ளே போனாள், குனிந்து பார்த்தாள், கை முழுக்கச் சிவப்போடு வெளியே வந்தாள்.

"இது தானா நடக்கல. புடுங்கியிருக்காங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அடப் பாவி. நீயா?"

நான் அடித்தது அவள் மரியாதையில்லாமல் பேசினாள் என்பதற்காக அல்ல. அவள் அடுத்த வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் அந்த நாற்பது பேருக்கும் குழப்பம் வந்திருக்கும். அன்றைக்கு அவர்களுக்குத் தேவை ஒற்றுமை. "வெச்சது இவங்கதானே, இவங்களையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு, ஸ்டூலைத் தூக்கி அவள் தலையில் அடித்தேன். செல்லசாமி அடித்தது நான்காவது அடி. பழனியாண்டி காலால் உதைத்தான். வீரய்யா தேயிலைச் செடி கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தியால் வெட்டியது உண்மை, ஆனால் அப்போது அவள் பேசக்கூடிய நிலையில் இல்லை. இரண்டாவதும் மூன்றாவதும் என் அடிகள். அவற்றை எண்ணினேன். வாய் நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

ஆகவே அந்த மூன்று பேரையும் விட்டுவிடுங்கள். அவர்கள் என் அங்கத்தவர்கள். நான் சொன்னதைக் கேட்டார்கள். என் மனைவியையும் மருத்துவிச்சியையும் கொன்றவன் நான். இதை யாரும் அடித்துச் சொல்ல வைக்கவில்லை. தலைவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். மற்றப் பத்துப் பெண்களும் திங்கட்கிழமையே, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குக்கூட நிற்காமல், ஆஸ்பத்திரிக்கு நடந்துபோய் வளையத்தை எடுத்துவிட்டார்களாம். நான் அவர்களில் ஒருத்தியிடமும் பேசவில்லை. அவர்களாகவே யோசித்து எடுத்த முடிவு அது. பெண்களின் விஷயத்தில் தலையிடும் பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.